‘ரிமோர்ஸ்’னா வெறும் வருத்தமா? அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?

கேள்வி இதுதான்: இங்கிலீஷ்ல ‘ரிமோர்ஸ்’னு ஒரு வார்த்தை இருக்கு, டிக்‌ஷனரில பார்த்தா ‘வருத்தம்’னு போட்டிருக்கு, ‘ரிக்ரெட்’டுக்கும் அதே ‘வருத்தம்’ தான் போட்டிருக்கு, அப்போ ரெண்டும் ஒண்ணு தானா, இந்த ரிமோர்ஸ் எங்கிருந்து வந்துச்சு?

சுருக்கமான பதில முதல்ல சொல்லிடறேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. நாம செஞ்ச ஒரு தப்பால இன்னொருத்தருக்குக் கெடுதல் நடந்திருக்கு, அது நமக்கே நல்லா தெரியுது, தெரிஞ்ச பிறகு நம்ம மனசாட்சி நம்மள சும்மா விட மாட்டேங்குது, இந்த நிலைமைக்குப் பேர் தான் ரிமோர்ஸ். டிரெயின விட்டதுக்கு ரிக்ரெட் வரும், ரிமோர்ஸ் வராது. ‘வருத்தம்’ங்கறது ரொம்ப அகலமான சொல், உடம்பு சரியில்லன்னாலும் வருத்தம், யாராவது செத்துப்போனாலும் வருத்தம், கிரிக்கெட்ல தோத்தாலும் வருத்தம், அதனால ரிமோர்ஸுக்கு எதிர்ல அத மட்டும் எழுதிட்டுப் போறது போதாது. குற்றவுணர்ச்சியும் வருத்தமும் சேர்ந்தது, மனசாட்சி உறுத்தல், இப்படி ஏதாவது சொன்னா தான் கிட்ட வரும்.

இனி எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம்.

லத்தீன்ல ‘மோர்தேரே’ன்னா கடிக்கறது. அதுக்கு முன்னாடி ‘ரெ’ சேர்த்தா மறுபடி கடிக்கறது, திருப்பிக் கடிக்கறது. ‘ரெமோர்தேரே’. அவ்ளோதான் வேர். நாய் கடிக்குதே, பல்லால கடிக்கறோமே, அதே கடி தான், மனசுக்குள்ள நடக்குது. கி.மு. முதல் நூற்றாண்டுல லுக்ரீஷியஸ்னு ஒரு ரோமானியக் கவிஞர், உலகத்தோட இயல்பு பத்தி எழுதின நீண்ட பாட்டுல நாலாவது பகுதில காதல் மயக்கத்துல சொத்தையெல்லாம் கரைக்கற ஒருத்தன பத்திச் சொல்றார். விருந்து, மாலை, வாசனை எல்லாம் இருக்கு, ஆனா அந்த சந்தோஷ ஊத்துக்கு நடுவுலயே ஏதோ கசப்பு பொங்கி வருது, ஏன்னா இப்படி வெட்டியா வாழ்க்கைய ஓட்டறோமேன்னு அவனோட மனசே அவன கடிக்குது. அங்க அவர் போட்டிருக்கற வினைச்சொல் இந்த ரெமோர்தேரே தான். அதே நூற்றாண்டுல வெர்ஜிலும் இத யூஸ் பண்றார், ஆனா அங்க குற்றம்னு எதுவுமே கிடையாது, வீனஸ் தேவதை தன் மகன் ஏனியாஸ நினைச்சு கவலப்படறா, ‘இந்தக் கவலை உன்னைக் கடிக்குதே’ன்னு ஜூபிடர் ஆறுதல் சொல்றார். அதாவது அந்தக் காலத்துல மனச கடிக்கற எதுவா இருந்தாலும் ரெமோர்தேரே தான், கவலையா இருக்கலாம், தப்பா இருக்கலாம்.

அதக் குற்றத்தோட மட்டும் கட்டிப் போட்டது கிறிஸ்தவ சர்ச். இடைக்கால லத்தீன்ல ‘ரெமோர்சுஸ் கான்ஷியென்ஷியே’, மனசாட்சியோட திரும்பக் கடித்தல், அப்படின்னு ஒரு தொடர் நிலைச்சுப் போச்சு. பாவத்த அறிக்கையிடறது, அதுக்கு முன்னாடி மனசுல என்ன நடக்கணும், எப்படி வருந்தணும், இதெல்லாம் பாதிரியார்கள் நுணுக்கமா பிரிச்சுப் பிரிச்சு யோசிச்ச காலம் அது. அந்த யோசனைலேர்ந்து வந்த சொல்லெல்லாம் இன்னைக்கும் இங்கிலீஷ்ல இருக்கு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு வலி இருக்கு. ‘கம்பங்ஷன்’ன்னா உள்ள ஊசி குத்தறது, பங்ச்சர் ஆகுதே அதே வேர். ‘கான்ட்ரிஷன்’ன்னா அரைச்சுத் தூளாக்கறது. ரிமோர்ஸ் கடி. பழைய பிரெஞ்சு வழியா 14ஆம் நூற்றாண்டு கடைசில ரிமோர்ஸ் இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, அப்போ தனியா வராது, ‘ரிமோர்ஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்’னு முழுசா தான் வரும், பின்னாடி தான் வால் உதிர்ந்து ரிமோர்ஸ் மட்டும் நின்னுச்சு.

இதே கடி வேர்லேர்ந்து வந்த வேற சொற்களும் இருக்கு. ‘மார்சல்’ன்னா ஒரு வாய், ஒரு கடி அளவு சாப்பாடு. சாயத் தொழில்ல ‘மார்டன்ட்’னு சொல்வாங்க, துணில சாயம் ஒட்டிப் பிடிக்கறதுக்கு முன்னாடி போடற பொருள், துணிய அது கடிச்சுப் பிடிக்குதுன்னு பிரெஞ்சுக்காரங்க வச்ச பேர். படிகாரம் அந்த வேலைய தான் செய்யுது. சோழமண்டலக் கரைல சாயவேர்லேர்ந்து அந்தப் பேர்போன சிவப்பு எடுத்து ஐரோப்பாவுக்குத் துணி போச்சே, அந்தச் சிவப்பு துணில நின்னதும் படிகாரத்தாலதான். சரி, இது பக்கத்து விஷயம், திரும்ப வர்றேன்.

இந்த வார்த்தையோட கதைல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ஒருத்தர் இருக்கார், அவர பத்திக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். பேர் மைக்கேல், ஊர் நார்த்கேட், இங்கிலாந்துல கேன்டர்பரி நகரத்துல செயின்ட் அகஸ்டின் மடத்துல துறவி. 1279ல பிரான்ஸ் ராஜா மூணாம் பிலிப்புக்காக அவரோட பாவமன்னிப்பு குரு, டொமினிக்கன் சபையச் சேர்ந்த லாரன்ட், பாவம் புண்ணியம் பத்தி பிரெஞ்சுல ஒரு புக் எழுதியிருந்தார். அத நம்ம மைக்கேல் தன்னோட கென்ட் வட்டார இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து 1340ஆம் வருஷம் அக்டோபர் 27ஆம் தேதி முடிச்சார், தேதிய அவரே எழுதி வச்சிருக்கார். அவர் கையாலயே எழுதின பிரதி இன்னைக்கும் லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு.

யாருக்காக எழுதினார்னு அதுலயே சொல்றார். படிக்காத ஜனங்களுக்காக, அப்பாவுக்காக, அம்மாவுக்காக, மத்த சொந்தபந்தத்துக்காக, அவங்கள எல்லாப் பாவத்துலேர்ந்தும் காப்பாத்தறதுக்காக. படிப்புன்னா லத்தீன், கோர்ட்டுன்னா பிரெஞ்சுன்னு இருந்த காலத்துல ஒரு வயசான துறவி அப்பா அம்மா பேசற பாஷைல எழுதணும்னு உக்காந்திருக்கார். அப்போ ‘ரெமோர்சுஸ்’ங்கற சொல்ல அப்படியே தூக்கிப் போட்டா ஜனங்களுக்குப் புரியாதே, அதனால அவர் அத பிச்சு பிச்சு இங்கிலீஷ் ஆக்கினார். ‘ரெ’ன்னா திரும்ப, அதுக்கு ‘அயன்’, இன்னைக்கு ‘அகெய்ன்’னு சொல்றோமே அதோட பழைய உருவம். கடிக்கு ‘பைட்’. ரெண்டும் சேர்ந்து ‘அயன்பைட்’. மனசாட்சிக்கு ‘இன்விட்’, அதாவது உள்ளறிவு. புத்தகத்துக்கே ‘அயன்பைட் ஆஃப் இன்விட்’னு பேர் வச்சுட்டார். உள்ளறிவோட மறுகடி. நம்ம ஊர்ல தனித்தமிழ்ல சொல் ஆக்கறவங்க செய்யற அதே வேலை.

மொழிபெயர்ப்பு நல்லாவே இல்லன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்வாங்க, அது உண்மைதான், பிரெஞ்சு வாக்கியத்த தப்பா புரிஞ்சுகிட்ட இடம் நிறைய, சில இடத்துல மூலத்த பக்கத்துல வச்சா தான் என்ன சொல்ல வர்றார்னே தெரியும். ஆனா மொழி ஆராய்ச்சிக்கு அது ஒரு புதையல், ஏன்னா எழுதின ஆள், இடம், தேதி மூணும் தெரிஞ்ச பழைய வட்டார வழக்கு நூல் கிடைக்கறது அபூர்வம். கென்ட் பக்கத்து ஜனங்க ‘ஃபாதர்’ங்கறத ‘வாதர்’னும், ‘சின்’ங்கறத ‘ஸென்’னும் சொன்னது அதுல அப்படியே பதிவாயிருக்கு.

அயன்பைட் நிக்கல. இன்விட்டும் நிக்கல. அந்தக் காலத்துல ‘ரிடீமர்’க்கு ‘திரும்ப வாங்கறவர்’னு அர்த்தம் வர்ற மாதிரியும், ‘ரெசரக்‌ஷன்’க்கு ‘திரும்ப எழுந்திருக்கறது’னு அர்த்தம் வர்ற மாதிரியும் இங்கிலீஷ் சொற்கள் இருந்துச்சு, எல்லாமே போச்சு, பிரெஞ்சு-லத்தீன் சொல்லுங்க தான் ஜெயிச்சது. 1066ல நார்மன்கள் வந்ததுலேர்ந்து அதிகாரமும் கோர்ட்டும் சர்ச்சும் பிரெஞ்சு பேசினதால வந்த வினை. கிட்டத்தட்ட அறுநூறு வருஷம் கழிச்சு ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922ல வந்த தன்னோட நாவல்ல மைக்கேலோட அந்தப் புத்தகப் பேர எடுத்துக்கிட்டார், சாகக் கிடந்த அம்மா முழங்கால் போட்டு ஜெபம் பண்ணச் சொன்னப்போ மாட்டேன்னு சொன்ன ஒரு பையனோட மனசுல அது திரும்பத் திரும்ப வருது. அதனால தான் இன்னைக்கு இங்கிலீஷ் இலக்கியம் படிச்சவங்களுக்கு அந்தத் தொடர் தெரியும்.

கடிங்கற உருவகம் மத்த ஐரோப்பிய பாஷைகள்லயும் உயிரோட இருக்கு. ஜெர்மன்ல ‘கெவிஸன்ஸ்பிஸ்’ன்னா நேரடியா மனசாட்சிக் கடி. ரஷ்யன்ல மனசாட்சி கொறிக்குதுன்னு சொல்றாங்க. ஸ்பானிஷ், இத்தாலியன்ல அதே லத்தீன் வேர்.

சரி, இப்போ நான் முக்கியமா சொல்ல நினைக்கற விஷயத்துக்கு வர்றேன், இத டிக்‌ஷனரில தேடினா ‘பழைய வழக்கு’ன்னு ஒரு ஓரத்துல தான் இருக்கும். 16, 17ஆம் நூற்றாண்டுல ரிமோர்ஸுக்கு இன்னொரு அர்த்தம் நல்லா புழக்கத்துல இருந்துச்சு: இரக்கம். அடுத்தவன் மேல வர்ற இரக்கம், செஞ்ச தப்புக்கு வருந்தறது இல்ல. ஷேக்ஸ்பியர படிக்கறப்போ இது தெரியலன்னா பல இடத்துல தடுக்கும். வெனிஸ் வியாபாரி நாடகத்துல கோர்ட் சீன்ல டியூக், கடனுக்கு ஈடா ஒருத்தனோட சதைய அறுக்கணும்னு நிக்கற ஷைலாக்க பார்த்து, நீ கடைசி நிமிஷத்துல கருணையும் ரிமோர்ஸும் காட்டுவேன்னு தான் உலகமே நினைக்குதுங்கற மாதிரி சொல்றார். ஷைலாக் இன்னும் எதுவும் செய்யவே இல்லயே, எதுக்கு வருந்தணும்? அங்க அர்த்தம் இரக்கம். ஜூலியஸ் சீசர் நாடகத்துல புரூட்டஸ் தன் தோட்டத்துல தனியா நின்னு யோசிக்கறப்போ, அதிகாரத்துலேர்ந்து ரிமோர்ஸ பிரிச்சு எடுத்தா தான் பெரிய பதவி கெட்டுப்போகுதுன்னு சொல்றான். அதுவும் இரக்கம் தான். மக்பெத் நாடகத்துல ராஜாவ கொல்லத் திட்டம் போடற லேடி மக்பெத், ரிமோர்ஸ் உள்ள வர்ற வழிய அடைச்சிருங்கன்னு பேய்கள கேக்கறப்போ கொலை இன்னும் நடக்கல, ராஜா இன்னும் வீட்டுக்கே வந்து சேரல. கத்தி எடுத்த கை இளகிடக்கூடாதுன்னு தான் அவ கேக்கறா.

இந்த அர்த்தம் போயிடுச்சுன்னு சொல்வாங்க, முழுசா போகல. ‘ரிமோர்ஸ்லெஸ்’னு சொல்றோமே, அதுக்குள்ள அது பத்திரமா இருக்கு. ரிமோர்ஸ்லெஸ் வெயில், ரிமோர்ஸ்லெஸ் எதிரின்னா ஈவு இரக்கமே இல்லாததுன்னு தான் அர்த்தம், வெயில் தன் தப்புக்கு வருந்தலன்னு யாரும் சொல்ல வரல.

தப்புக்கு வருந்தறதுக்கும் அடுத்தவருக்கு இரங்கறதுக்கும் என்ன சம்பந்தம், எப்படி ஒரே சொல்லுல வந்து உக்காந்துச்சு? இது ரிமோர்ஸுக்கு மட்டும் நடந்ததுன்னா தற்செயல்னு விட்டுடலாம். ஆனா இங்கிலீஷோட சொந்த சொல் ‘ரூ’வ பாருங்க. பழைய இங்கிலீஷ்ல வருந்தறது, துக்கப்படறது. ஜெர்மன்ல அதோட உறவு சொல் ‘ராய்ய’, இன்னைக்கும் செஞ்சதுக்கு வருந்தறது தான். இந்த ‘ரூ’லேர்ந்து பிறந்தது ‘ரூத்’, அர்த்தம் இரக்கம். ரூத் செத்துப்போச்சு, ‘ரூத்லெஸ்’ மட்டும் தங்கிடுச்சு, ரிமோர்ஸ்லெஸ் மாதிரியே. பைபிள்ல வர்ற ரூத் வேற, அது எபிரேயப் பேர். ரூன்னு ஒரு செடியும் இருக்கு, நம்ம ஊர்ல அருவதான்னு சொல்றது, அதுவும் வேற வேர் தான், லத்தீன்ல ‘ரூதா’. ஆனா ஒரே சத்தமா இருக்கறதால ஹாம்லெட்ல ஒஃபீலியா அந்தச் செடிய குடுக்கறப்போ ரெண்டு அர்த்தமும் சேர்ந்து ஒலிக்கும்.

இப்போ தமிழ பாருங்க, இது எனக்கு ரொம்ப ஆச்சரியமான இடம். பச்சாத்தாபம்னு ஒரு சொல். சமஸ்கிருதத்துல ‘பஸ்சாத்’ன்னா பிறகு, ‘தாப’ன்னா சூடு. செஞ்ச பிறகு உள்ள எரியற எரிச்சல். கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாத்துலயும் இன்னைக்கும் அதுக்கு அதே அர்த்தம் தான், தப்பு செஞ்சுட்டு வருந்தறது. தமிழ் லெக்சிகன்லயும் அந்த அர்த்தம் இருக்கு. ஆனா நாம பேசறப்போ எப்படி சொல்றோம்? ‘அந்தப் பையன பார்த்தா பச்சாதாபமா இருக்கு’. இரக்கம்! ரிமோர்ஸ் இங்கிலீஷ்ல போன அதே பாதைல பச்சாத்தாபம் தமிழ்ல தானா போயிருக்கு, ஒண்ண பார்த்து ஒண்ணு செய்யல. இங்கிலீஷ் அந்தப் பாதைல போயிட்டு திரும்பி வந்துடுச்சு, நாம அங்கயே தங்கிட்டோம். தமிழ்ல இரங்குங்கற சொல்லும் அப்படித்தான், அடுத்தவனுக்காகவும் இரங்கலாம், ஐயோ இப்படி செஞ்சுட்டேனேன்னும் இரங்கலாம்.

ஏன் இப்படின்னா, என்னோட புரிதல் இது: தப்பு செஞ்சவனுக்குள்ள கடி எப்போ ஆரம்பிக்குது? அடிபட்டவனோட வலி இவனுக்குத் தெரிய ஆரம்பிக்கறப்போ தான். அதுக்கு முன்னாடி மாட்டிக்கிட்டோமேங்கற பயம் இருக்கும், பேர் கெட்டுப்போச்சேங்கற அவமானம் இருக்கும், ஆனா ரிமோர்ஸ் இருக்காது. அடுத்தவன் வலிய உணர முடியாதவனுக்கு ரிமோர்ஸ் வர வழியே இல்ல. மனநல மருத்துவத்துல சைக்கோபதிய, அதாவது அடுத்தவர் வலி உறைக்காத ஒரு ஆளுமைக் கோளாற மதிப்பிட, உளவியல் அறிஞர் ராபர்ட் ஹேர் உருவாக்கின செக்லிஸ்ட்ல மொத்தம் 20 அம்சம், அதுல ‘ரிமோர்ஸோ கில்ட்டோ இல்லாமை’யும் ஒண்ணு, ‘அடுத்தவர் உணர்ச்சி புரியாத கல்மனசு’ம் ஒண்ணு. தனித்தனியா மார்க் போட்டாலும் ரெண்டும் பக்கத்து பக்கத்து வீடு தான். அதனால இரக்கமும் ரிமோர்ஸும் ஒரே சொல்லுல இருந்தது குழப்பம் இல்ல, அந்தக் கால ஜனங்க சரியா தான் பார்த்திருக்காங்க.

ஜெனரல் டயர எடுத்துக்கங்க. 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக், 1650 ரவுண்டு சுட்டாங்க, அரசு கணக்குலயே 379 பேர் செத்தாங்க. ஹன்ட்டர் கமிட்டி விசாரிச்சப்போ அந்த ஆள் சொன்ன பதில் என்னன்னா, சுடாமலே கூட்டத்த கலைச்சிருக்க முடியும், ஆனா அவங்க திரும்பி வந்து சிரிச்சிருப்பாங்க, நான் முட்டாளாகியிருப்பேன். காயம்பட்டவங்களுக்கு ஏதாவது செஞ்சீங்களான்னு கேட்டா, அது என் வேலை இல்ல, ஆஸ்பத்திரி திறந்து தானே இருந்துச்சு. ரிமோர்ஸ்லெஸ்ங்கற சொல்லோட ரெண்டு அர்த்தமும் ஒரே ஆள்ல இருக்கு, இரக்கமும் இல்ல, செஞ்சதுக்கு வருத்தமும் இல்ல, முதலாவது இல்லாததால தான் ரெண்டாவதும் இல்ல.

இந்த இடத்துலயே ரிக்ரெட்ட பேசிடலாம், ஏன்னா அதே சம்பவத்துக்கு நூறு வருஷம் கழிச்சு பிரிட்டன் குடுத்த சொல் அதுதான். 2019 ஏப்ரல் 10, பார்லிமென்ட்ல பிரதமர் தெரசா மே, நடந்ததுக்கும் அதனால வந்த துன்பத்துக்கும் ஆழ்ந்த ரிக்ரெட் தெரிவிச்சாங்க. எதிர்க்கட்சித் தலைவர் கார்பின் எழுந்து, முழுமையான, தெளிவான மன்னிப்பு வேணும்னு கேட்டார். வரல. 2013ல கென்யா மாவ் மாவ் விஷயத்துலயும், அதாவது பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்து அங்க நடந்த கிளர்ச்சிய அடக்கின விஷயத்துலயும், இதே தான், சித்திரவதை நடந்தது நிஜம், 5,228 பேருக்கு சேர்த்து 19.9 மில்லியன் பவுண்டு தர்றோம், மனசார ரிக்ரெட் பண்றோம், ஆனா சட்டப்படி இன்றைய அரசு பொறுப்பு இல்லன்னும் அதே பேச்சுல சொன்னாங்க. ரிக்ரெட்ங்கற சொல் அதுக்கு இடம் குடுக்குது. ‘நடந்ததுக்கு வருந்தறோம்’ன்னா யார் செஞ்சதுன்னு சொல்லவே வேணாம். ரிமோர்ஸ்ல அது முடியாது, செஞ்ச ஆள் உள்ள இருந்தே ஆகணும். அரசாங்கங்கள் ரிக்ரெட்ட தேடித் தேடி எடுக்கறதுக்கு இது தான் காரணம், அத நாம தமிழ்ப் பேப்பர்ல ‘மன்னிப்பு கேட்டது பிரிட்டன்’னு தலைப்பு போட்டுட்டா அவங்க தராதத நாமளே அவங்க கணக்குல வரவு வச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும். இது மொழிபெயர்க்கறவங்க உண்மைலயே கவனிக்க வேண்டிய இடம்.

ரிக்ரெட்டோட பிறப்பும் சொல்லிடறேன். பழைய பிரெஞ்சுல ‘ரெக்ரெத்தெர்’ன்னா செத்தவங்கள நினைச்சுப் புலம்பறது. அதுக்கு முந்தின வேர் பத்தி ஒருமித்த கருத்து இல்ல, ஆனா ஜெர்மானிய மொழிகள்ல அழறதுக்கு இருந்த ஒரு சொல்லோட பலர் சேர்க்கறாங்க, ஸ்காட்லாந்துல இன்னைக்கும் ‘கிரீட்’ன்னா அழறதுன்னு ஒரு அர்த்தம் இருக்கு. ஆக ரிக்ரெட் ஒப்பாரிலேர்ந்து வந்துச்சு. இழந்தத நினைச்சு அழறது தான் அதோட மையம், தப்பு செய்யறது இல்ல. அதனால தான் ‘வர முடியாததுக்கு ரிக்ரெட்’, ‘உங்க விண்ணப்பத்த ஏத்துக்க முடியாததுக்கு ரிக்ரெட்’னு எல்லாம் சாதாரணமா எழுத முடியுது. நாம இரங்கல் கூட்டம், இரங்கல் செய்தின்னு சொல்றோமே, அந்த இரங்கல் ரிக்ரெட்டோட பழைய அர்த்தத்துக்கு ரொம்பப் பக்கம்.

ரிக்ரெட்டுக்கும் ரிமோர்ஸுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, அதுக்கு பேர் வச்சவர் பெர்னார்ட் வில்லியம்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் தத்துவ அறிஞர், 1976ல. ஒரு லாரி டிரைவர், ஒழுங்கா தான் ஓட்டறார், குடிக்கல, வேகம் இல்ல, திடீர்னு ஒரு குழந்தை ஓடி வந்து அடிபட்டுப் போயிடுது. சட்டப்படி அவர் மேல தப்பு இல்ல. ரோட்டுல நின்னு பார்த்தவங்களும் வருந்துவாங்க, அவரும் வருந்துவார், ஆனா ரெண்டும் ஒரே வருத்தமா? இல்ல. என் கையால நடந்துச்சேன்னு அவர் வாழ்நாள் பூரா சுமப்பார். அதுக்கு வில்லியம்ஸ் ‘ஏஜென்ட் ரிக்ரெட்’னு பேர் வச்சார், ஏஜென்ட்னா இங்க காரியத்த செஞ்ச ஆள். ‘உங்க தப்பு இல்லங்க’ன்னு நாம ஆறுதல் சொல்றது சரிதான், ஆனா சொன்ன உடனே ‘ஆமா இல்ல’ன்னு அவர் சிரிச்சுட்டுப் போனா நமக்கே ஒரு மாதிரி ஆயிடும், அதையும் வில்லியம்ஸ் கவனிச்சிருக்கார். ரிமோர்ஸ்னு அத சொல்லக்கூடாது, தப்பு இல்லயே. வெறும் ரிக்ரெட்னும் சொல்ல முடியாது. அந்த டிரைவர மாதிரி ஆளுங்ககிட்ட பேசறப்போவாவது இந்த வித்தியாசம் நமக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நினைக்கறேன்.

‘பையர்ஸ் ரிமோர்ஸ்’னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, பெரிய காசு குடுத்து ஏதாவது வாங்கிட்டு வீட்டுக்கு வந்ததும் ஐயோ ஏண்டா வாங்கினோம்னு தோணறது. கண்டிப்பா பார்த்தா இது ரிக்ரெட் தான், யாருக்கும் கெடுதல் செய்யல. ஆனா சொல் பழகிடுச்சு, மாத்த முடியாது. ஐரோப்பிய யூனியன்ல ஆன்லைன்ல வாங்கினத 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பலாம்னு சட்டமே இருக்கு.

கோர்ட்டுல ரிமோர்ஸுக்கு நிஜமான எடை உண்டு. இங்கிலாந்துல தண்டனைய நிர்ணயிக்கறப்போ நீதிபதி கணக்குல எடுத்துக்கற, தண்டனைய குறைக்கக்கூடிய காரணங்கள்ல ரிமோர்ஸ்னு நேரடியாவே எழுதியிருக்கு. இதுல கஷ்டம் என்னன்னா உள்ள கடிக்கறத வெளிலேர்ந்து எப்படிப் பார்க்கறது? அழத் தெரிஞ்சவன் தப்பிச்சு, வாயடைச்சுப் போய் நிக்கறவன் கல்மனசுக்காரன்னு பேர் வாங்கற ஆபத்து இருக்கு. தென்னாப்பிரிக்கா இதுல வேற வழி எடுத்துச்சு. நிறவெறி ஆட்சி முடிஞ்சதும் 1995ல உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்காக போட்ட சட்டத்துல, பொதுமன்னிப்பு வேணும்னா செஞ்ச குற்றம் அரசியல் நோக்கத்தோட செஞ்சதா இருக்கணும், முழு உண்மையையும் சொல்லணும், அவ்ளோதான், ரிமோர்ஸ் காட்டணும்னு நிபந்தனையே கிடையாது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள்ல பலருக்கு அது ஆறவே இல்ல, அது நியாயமும் தான். ஆனா நிபந்தனையா வச்சா எல்லாரும் நடிச்சிருப்பாங்கங்கற வாதத்தையும் என்னால தள்ள முடியல.

ரிமோர்ஸ் நல்லதா கெட்டதாங்கற சண்டையும் பழசு. ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்சே அத கல்ல கடிக்கற நாய்க்கு ஒப்பிட்டு முட்டாள்தனம்னுட்டார். அவருக்கு முன்னாடி ஸ்பினோசான்னு ஒரு டச்சு தத்துவ அறிஞர், 1677ல வந்த நூல்ல, செஞ்சதுக்கு வருந்தறவன் ரெண்டு மடங்கு துன்பப்படறவன்னு எழுதினார், செஞ்சப்போ ஒரு தடவை, வருந்தறப்போ இன்னொரு தடவை. ஆனா ஜனங்க எல்லாரும் அறிவுப்படி நடக்கறதில்ல, அதனால இந்த உணர்ச்சி இருக்கறது கெடுதலை விட நல்லது தான் அதிகம் செய்யுதுன்னும் அவரே சேர்த்துக்கிட்டார். இதே விவாதம் நம்ம குறள் உரைகள்லயும் இருக்கு. 655ஆவது குறள்: ‘எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று’. முதல் பாதி தெளிவு, ஐயோ இப்படி பண்ணிட்டேனேன்னு இரங்கற மாதிரி காரியத்த செய்யாதே. ரெண்டாவது பாதில தான் பிரிவு. ஒருவேளை செஞ்சுட்டா அதே மாதிரி மறுபடி செய்யாம இருக்கறது நல்லதுன்னு ஒரு வாசிப்பு, இன்னைக்கு பெரும்பாலும் இதுதான் சொல்றாங்க. பரிமேலழகர் வேற மாதிரி படிக்கறார்: செஞ்சுட்டா, பின்னாடி உக்காந்து அந்த இரங்கல செஞ்சுட்டு இருக்காம விடறது நல்லது. கிட்டத்தட்ட ஸ்பினோசா சொன்ன பக்கம். எனக்கு முதல் வாசிப்பு தான் மனசுக்கு ஒப்புது, ஆனா ஒரு காரியத்துல இறங்கின ராஜாவுக்கும் அமைச்சருக்கும் சொல்ற இடத்துல அந்தக் குறள் இருக்கறதால பரிமேலழகர் சொல்றதுலயும் ஒரு நடைமுறை ஞாயம் இருக்கு, முடிவெடுக்கற இடத்துல இருக்கறவன் முடங்கிட்டா கீழ இருக்கறவங்க கதி?

ரிமோர்ஸுக்கு இன்னும் நேரான குறள் 293. தன் நெஞ்சுக்குத் தெரிஞ்ச ஒண்ணுல பொய் சொல்லாதே, சொன்னா ‘தன்நெஞ்சே தன்னைச் சுடும்’. அங்க கடிக்குது, இங்க சுடுது, ஆனா ரெண்டுலயும் வெளி ஆள் யாரும் இல்ல, சாட்சியும் தண்டனையும் ஒரே நெஞ்சு.

கடைசியா எழுதறப்போ எத எங்க போடறதுன்னு கேட்டீங்கன்னா: ஆபீஸ் மெயில்ல, அழைப்பிதழுக்கு பதில் எழுதறப்போ எல்லாம் ரிக்ரெட் போதும், அங்க ரிமோர்ஸ் போட்டா ஏதோ கொலை பண்ணிட்ட மாதிரி இருக்கும். ஒருத்தர நீங்க நிஜமாவே காயப்படுத்திட்டு மன்னிப்பு லெட்டர் எழுதறீங்கன்னா அங்க ரிக்ரெட் பத்தாது, ஆனா ‘ஐ ஃபீல் ரிமோர்ஸ்’னு எழுதறதும் கொஞ்சம் புத்தக பாஷையா தெரியும், என்ன செஞ்சேன்னு வெளிப்படையா சொல்லிட்டு ‘ஐ ஆம் சாரி’ன்னு எழுதறது தான் சரி. ரிமோர்ஸ்ங்கறது பெரும்பாலும் அடுத்தவங்கள பத்திச் சொல்றப்போ தான் வரும், அவர் ரிமோர்ஸ் காட்டினார், காட்டல, அப்படி. பெயரடையா, அதாவது அட்ஜெக்டிவா வேணும்னா ‘ரிமோர்ஸ்ஃபுல்’. வினைச்சொல்லா மட்டும் போடாதீங்க, ‘ஹி ரிமோர்ஸ்ட்’னு இன்னைக்கு இங்கிலீஷ்ல யாரும் சொல்றதில்ல, ரிக்ரெட்டுக்கு அந்த வசதி உண்டு, இதுக்கு இல்ல.